காரின் மூச்சும் காசின் கணக்கும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

சென்ற ஆனி மாதம் ஒருநாள் இரவு, சாப்பிட்டுக் கொண்டிருந்த என் தந்தையார் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங் கண்ணு, நீ பிசிக்ஸ்தானே படிக்கறே? அண்ணன் சொல்ற அந்தப் பில்டரைப் போட்டா வண்டி நெசமாவே இழுக்குமா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வுத் தாளில் எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதியிருக்கிறேன். ஆனால் என் படிப்பை நம்பி, கையிலுள்ள பணத்தைச் செலவழிக்கும் முன் வீட்டில் கேட்கப்பட்ட முதல் வினா அதுதான். அதற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்து கொள்ள விழைகிறேன்.

நாமக்கல் பக்கம் வாடகைக் கார் ஓட்டுவது எங்கள் பிழைப்பு. பகலில் அப்பாவும் இரவில் அண்ணனும் ஓட்டுகின்றனர். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. தவணை இன்னும் முடியவில்லை. கம்பெனி போட்டுத் தரும் காகித ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் நனைத்த பருத்தி பில்டர் ஒன்றைப் போட்டால் வேகமும் மைலேஜும் கூடும் என்று கடைக்காரர் ஒருவர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். விலை 5,500 ரூபாய். காகித பில்டரோ 350 ரூபாய்தான்.

எவ்வளவு மூச்சு?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. ஆகவே அதற்கு 11 கிலோ காற்று தேவை. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை உள்ளது. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று! பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் மூன்று லிட்டர் பெட்ரோலிலேயே இஞ்சின் குடித்துவிடுகிறது.

அந்தக் காற்றோடு வருவது என்ன? லாரிகள் கிளப்பும் புழுதியும் கல் கிரஷர்களின் தூளும் நம் ஊர்ச் சாலைகளில் குறைவில்லை. தூசியிலுள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான் தடிமன்தான். தலைமயிர் ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அந்தப் படலத்தில் தூசி சேர்ந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல உலோகம் தேய்ந்துபோகும்.

பில்டர் சல்லடை அன்று

பில்டர் என்பது மாவு சலிக்கும் சல்லடை போன்றது என்றே நானும் எண்ணியிருந்தேன். அது முழு உண்மையன்று. இழைகளைச் சுற்றிக் காற்று வளைந்து செல்கிறது. பெரிய துகள்கள் நிலைமத்தினால் வளைய முடியாமல் இழையில் மோதி நின்றுவிடுகின்றன. நடுத்தரத் துகள்கள் இழையை உரசி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை பிரௌனியன் இயக்கத்தால் அலைந்து இழையில் அகப்படுகின்றன. படிந்த தூசியும் வடிகட்ட உதவுவதால், சிறிது அழுக்கேறிய காகித பில்டர் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும்.

பருத்தி பில்டரில் கம்பி வலைகளுக்கிடையே சில அடுக்குப் பருத்தித் துணி இருக்கும். அதன் இடைவெளிகள் பெரியவை; எனவே காற்றுக்குத் தடை குறைவு. தூசியைப் பிடிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு எண்ணெயினுடையது. அதைக் கழுவி, காயவைத்து, சரியான அளவில் எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால், காற்றின் அளவைக் கணிக்கும் சூடான கம்பி உணர்வியில் எண்ணெய் படிந்து இஞ்சினின் கணக்கே தவறிவிடும்.

பில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற பன்னாட்டு முறை உண்டு. எவ்வளவு தூசி பிடிக்கிறது, காற்றுக்கு எவ்வளவு தடை, அடைபடும் முன் எவ்வளவு தூசி தாங்குகிறது என்ற மூன்றையும் அது அளக்கிறது. கடைக்காரர் அண்ணனிடம் சொன்னதோ நடுவில் உள்ள ஒன்றை மட்டுமே!

யு-குழாய்ச் சோதனை

தடை எவ்வளவு என்று நானே அளந்து பார்க்க விரும்பினேன். ஆய்வகத்தில் நாம் செய்யும் யு-குழாய் அழுத்தமானியே போதும். பில்டரைத் தாண்டியுள்ள ரப்பர்க் குழாயோடு ஒரு மெல்லிய குழாயை அண்ணன் இணைத்துக் கொடுத்தார். தண்ணீர் இஞ்சினுக்குள் ஏறிவிடாதபடி யு-குழாயின் கைகளை இரண்டடி உயரமாக வைத்தேன். அதைக் காரின் குறுக்காகப் பிடித்துக் கொண்டேன். நீளவாக்கில் பிடித்தால் வண்டியின் முடுக்கமே நீர்மட்டத்தைச் சாய்த்துவிடும். விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் அப்பா இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தார்.

பழைய பில்டருடன் நீர்மட்ட வேறுபாடு 17 செ.மீ. புதிய காகித பில்டருடன் 11 செ.மீ.

வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,000 செ.மீ. நீர்த்தம்பத்திற்குச் சமம். ஆகவே புதிய காகித பில்டரும் அதன் முன்னுள்ள குழாயும் சேர்ந்து தடுப்பது சுமார் நூற்றில் ஒரு பங்கு. பில்டரே இல்லாமல் ஓட்டினாலும் எங்கள் 80 குதிரைத் திறன் இஞ்சினுக்கு ஒரு குதிரைகூட முழுதாய்க் கூடாது. இருக்கும் தடையே அவ்வளவுதான் எனில், 5,500 ரூபாய் பில்டர் எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கும்?

மைலேஜ் கூடுமா?

சாதாரணமாக ஓட்டும்போது 'திராட்டில்' என்னும் சிறு கதவு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. காற்றுக்குப் பெரிய தடை அதுவே. அதன் முன் பில்டரின் தடை பொருட்டன்று. 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் கார்களில் அடைபட்ட பில்டரை வைத்தே சோதித்தது. மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகமெடுக்கும் நேரத்தில்தான் 6 முதல் 11 சதவீதம் வரை வேறுபாடு தெரிந்தது. அடைபட்டதை மாற்றியே மைலேஜ் கூடவில்லை என்றால், நல்ல காகிதத்தை மாற்றியா கூடப் போகிறது?

பெட்டியை நீக்கிவிட்டுத் திறந்தவெளியில் மாட்டும் கூம்பு வடிவ பில்டர் இன்னும் மோசம். அது இஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கிறது. 30 பாகையில் இருந்த காற்று 60 பாகையானால், சார்லஸ் விதிப்படி அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். ஒன்றைப் பெற ஒன்பதை இழப்பதா? 'குர்ர்' என்று எழும் உறிஞ்சல் ஓசையைத்தான் பலர் வேகம் என்று எண்ணுகின்றனர் போலும்.

அப்படியானால் இவற்றுக்குப் பயனே இல்லையா? உண்டு. இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் பந்தயத் தடங்களில் ஒரு நொடியின் சிறு பின்னம்கூட வெற்றியைத் தீர்மானிக்கும். இஞ்சினின் பிற பாகங்களையும் மாற்றி, அடிக்கடி பிரித்துப் பார்ப்போருக்கு அது ஏற்றது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய வாடகை வண்டிக்கு அன்று.

ஒரு கிழிசலின் விலை

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பழைய கார் நீலப் புகை விடத் தொடங்கியது. பட்டறையில் ஒவ்வொரு முறையும் பில்டரை மாற்றாமல், கம்ப்ரசரில் பலமாக ஏர் அடித்தே மாட்டியிருந்தனர். மடிப்பில் விரல் நுழையும் அளவு கிழிசல். இஞ்சின் வேலைக்கு 42,000 ரூபாய் ஆயிற்று. அந்த ஆண்டுதான் அண்ணன் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு வண்டி ஓட்ட வந்தார். இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆகையால் கணக்கை அவரிடமே முதலில் காட்டினேன். 5,500 ரூபாய்க்குக் காகித பில்டர் பதினைந்து வாங்கலாம். 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று என்றாலும் மூன்று லட்சம் கிலோமீட்டர் வரும். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "செரி, சோதனைக்கு வாங்குன பேப்பர் பில்டரே இருக்கட்டும். மாத்துன தேதியை மட்டும் மூடி மேல எழுதி வையி" என்றார். எழுதி வைத்தேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் ஆட்டோவோ, டிராக்டரோ, வேனோ சோறு போடுகிறது. ஒரு பில்டர் எவ்வளவு காற்றை விடுகிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு தூசியை விடாமல் தடுக்கிறது என்று கேளுங்கள். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த மூடியை ஒருமுறை திறந்து, பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். நாம் கற்ற இயற்பியல் முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்.