ரசீது இருக்கிறது

(பூட்டிய அலமாரிகள் – 9)

2025 ஆகஸ்ட். அர்ஜென்டினாவின் கடற்கரை நகரமான மார் டெல் பிளாட்டாவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. ரியல் எஸ்டேட் நிறுவனம் வழக்கம்போல அறை அறையாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தது. வரவேற்பறைப் படத்தில் ஒரு பச்சை சோபா. அதற்கு மேலே, சுவரில், பூவேலை செய்த உடையில் ஒரு சீமாட்டியின் ஓவியம்.

அந்த வீட்டுக் குடும்பத்தைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்கள் நெதர்லாந்தின் ‘அல்கமேன் டாக்பிளாட்’ நாளிதழ்க்காரர்கள். அவர்களுடைய நிருபர் அந்த வீட்டு வாசலில் போய் மணி அடித்தார். யாரும் திறக்கவில்லை. வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை மட்டும் இருந்தது. சரி, வீட்டின் உள்ளேயாவது பார்ப்போம் என்று இணையத்தில் தேடினார்கள். போர்க்காலத்தில் காணாமல்போனது என்று பட்டியலில் இருந்த படம், சோபாவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

செய்தி வெளியானதும் போலீஸ் உள்ளே போனது. ஓவியம் இல்லை, அந்தச் சுவரில் குதிரைகள் நெய்த ஒரு தொங்கு திரை இருந்தது. வீட்டுக்காரர்கள் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர்களுடைய வழக்கறிஞர் ஓவியத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

ஓவியத்தை வரைந்தவர் என்று அப்போது சொல்லப்பட்டவர் இத்தாலியரான கியூசெப்பே கிஸ்லாண்டி. அதை வைத்திருந்தவர் ஆம்ஸ்டர்டாமின் பெரிய கலைப்பொருள் வணிகர், யூதரான ஜாக் கௌட்ஸ்டிக்கர். அர்ஜென்டினாவுக்கு அது எப்படி வந்தது என்பதற்கு, அந்த வீட்டுப் பெண்மணியின் தந்தை யார் என்று சொன்னாலே போதும். நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் கோரிங்கிடம் நிதி விவகாரங்களைக் கவனித்த ஃபிரெட்ரிக் காட்கின்தான் அவர்.

கௌட்ஸ்டிக்கர் 1940 மே மாதம், ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது, மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். இருட்டடிப்பு செய்யப்பட்ட கப்பலில், இரவில், திறந்துகிடந்த சரக்கறைக்குள் தவறி விழுந்து இறந்தார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கறுப்பு நோட்டுப் புத்தகம் இருந்தது. தன் ஓவியங்களை வரிசை எண் போட்டு அதில் எழுதி வைத்திருந்தார். கடைசி எண் 1,113.

அவர் இறந்த இரண்டு மாதத்துக்குள் அத்தனையும் ‘விற்கப்பட்டன’. ஒப்பந்தம் இருந்தது, கையெழுத்து இருந்தது, கோரிங் தரப்பில் 20 லட்சம் கில்டர் என்று விலையும் இருந்தது. வாங்கியவர்கள் கோரிங்கும் அவருடைய கூட்டாளி அலாய்ஸ் மீடலும். பறித்ததுதான், ஆனால் பத்திரம் போட்டுப் பறித்தார்கள். இந்த வாரம் பேசவேண்டியது அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான். ஏனென்றால், மூன்று தலைமுறையாகப் பல குடும்பங்கள் மனசாட்சிக்குச் சொல்லிவந்த பதில் அதுதான்: ‘முறைப்படி வாங்கியது, ரசீது இருக்கிறது.’

*

ஓவியம் என்றால் தலைப்புச் செய்தி. ஆனால் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் ஓவியங்கள் சொற்பம். மிச்சமெல்லாம் கட்டில், மெத்தை, தையல் மெஷின், தொட்டில், சாப்பாட்டு மேஜை, சுவர்க் கடிகாரம், போர்வை. அவை போன இடம் மாளிகைகள் அல்ல. சாதாரண மனிதர்களின் வீடுகள்.

சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய லோராக் என்ற சின்ன ஜெர்மானிய ஊரின் ஆவணக் காப்பகத்தில் ஒரு தொகுப்புப் படங்கள் இருக்கின்றன. 1940 அக்டோபர் 22-ம் தேதி, பாடன் வட்டாரத்திலிருந்தும் பக்கத்து சார்-பால்ட்ஸ் வட்டாரத்திலிருந்தும் 6,500-க்கும் அதிகமான யூதர்கள் ஒரே வீச்சில் பிரான்ஸின் குர்ஸ் முகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் பணம், அவ்வளவுதான் அனுமதி. லோராக்கில் வண்டி ஏற்றும் காட்சி படத்தில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இருக்கிறது. சில வாரம் கழித்து எடுத்த படங்களில் அதே ஊர்த் தெரு. இப்போது ஏலம். போனவர்களின் பாத்திர பண்டங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஏலக்காரரைச் சுற்றி ஊரே நெருக்கியடித்து நிற்கிறது, சிலர் முகத்தில் சிரிப்பு. யாருடைய மேஜை, யாருடைய விரிப்பு என்று அந்த முகங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சின்ன ஊர் அல்லவா.

1941 நவம்பரில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. ‘ரைஷ் குடியுரிமைச் சட்டத்தின் 11-வது ஆணை’ சொன்னது இதுதான்: நாட்டு எல்லையைத் தாண்டிய யூதர் குடியுரிமை இழப்பார், அவர் சொத்து அரசுக்கு. தாண்ட வைப்பதும் அதே அரசுதான். ரயிலேற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் கையிலும் 16 பக்கப் படிவம் ஒன்று கொடுக்கப்பட்டது. மேஜை விரிப்பு எத்தனை, தலையணை உறை எத்தனை, சட்டை எத்தனை, சமையலறையில் என்னென்ன, மதிப்பு எவ்வளவு? எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. தன் வீட்டைத் தானே எண்ணி, எழுதி, கையெழுத்திட்டு, சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். பிறகு வருமானவரி அலுவலக ஆட்கள் வருவார்கள். ஏலம் நடக்கும். வாங்கியவருக்கு ரசீது கிடைக்கும்.

ஹாம்பர்க் நகரத்தைத் துருவி ஆராய்ந்தவர் வரலாற்று ஆசிரியர் ஃபிராங்க் பாயோர். 1941-லிருந்து போர் முடியும்வரை அந்த நகரத்தில் யூதர் உடைமைகள் ஏலம் போகாத நாளே அநேகமாக இல்லை என்கிறார். அந்த நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படி வாங்கியவர்கள் குறைந்தது ஒரு லட்சம் பேர் என்பது அவர் கணக்கு. உள்ளூர் யூதர்களின் சாமான் மட்டும் அத்தனை பேருக்குப் போதாது. ‘மரச்சாமான் நடவடிக்கை’ என்ற பெயரில் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் சுமார் 70,000 யூத வீடுகளைத் துடைத்து எடுத்தார்கள். கப்பலிலும் ரயிலிலும் சரக்கு வந்து இறங்கியது. ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளிகள் பகுதியில் வேலை பார்த்த நூலகர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: அங்கிருந்த சாதாரண இல்லத்தரசிகள் திடீரென்று ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

பாரீஸில் நடந்தது இன்னும் கொடுமை. ‘லெவிதான்’ என்று ஒரு பெரிய மரச்சாமான் கடை. அதன் உரிமையாளரும் யூதர்தான். அந்தக் கடையையே கிளை முகாம் ஆக்கி, கைதிகளான யூதர்களை அங்கே அடைத்து, கொள்ளையடித்து வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். கிண்ணம் ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம். அப்படிப் பிரிக்கும்போது சிலர் கையில் தங்கள் சொந்த வீட்டுப் பொருளே வந்து அகப்பட்டது.

இதற்கெல்லாம் முன்னரே, 1939 பிப்ரவரியில், வெள்ளி போய்விட்டது. யூதர்கள் வீட்டிலிருந்த தங்கம், வெள்ளி, நகை அனைத்தையும் நகராட்சி அடகுக்கடையில் ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு. கல்யாண மோதிரம் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குக் கத்தி, முள்கரண்டி, தேக்கரண்டி வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை இரவு ஏற்றும் மெழுகுவர்த்தித் தண்டு, சப்பாத் எனும் ஓய்வுநாளில் ஆசீர்வாதம் சொல்லிக் குடிக்கும் கிண்ணம் எல்லாம் எடைக்குப் போயின. அப்போதும் சீட்டு கொடுத்தார்கள்.

*

நெதர்லாந்தில் வேறொரு வழியும் இருந்தது. இதற்கு ஏலமும் கிடையாது, சீட்டும் கிடையாது. நாடு கடத்தல் நெருங்குவதை உணர்ந்த யூதக் குடும்பங்கள், ‘திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்து வீட்டில் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு, அதை மறுக்கமுடியாது. கொடுக்காதவர்களுக்கு டச்சுக்காரர்கள் ஒரு பட்டப்பெயரே வைத்தார்கள்: ‘பெவாரியர்’. ‘பத்திரப்படுத்து’ என்ற சொல்லையும் ‘ஆரியர்’ என்ற சொல்லையும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. ஒரு நாட்டு மொழியில் இதற்கென்று தனிச்சொல்லே தேவைப்பட்டது என்றால், எத்தனை வீடுகளில் நடந்திருக்கவேண்டும்!

அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வலியை எழுதியவர் மார்கா மின்கோ. 103 வயதுவரை வாழ்ந்து 2023-ல் மறைந்த எழுத்தாளர். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் நாஜிகளிடம் பறிகொடுத்து, தான் மட்டும் மிஞ்சியவர். 1957-ல் அவர் எழுதிய ‘முகவரி’ என்ற சிறுகதையில், போருக்குப் பின் ஒரு பெண் தன் அம்மாவின் சாமான்கள் இருக்கும் வீட்டைத் தேடிப் போகிறாள். கதவைத் திறக்கும் பெண்மணி போட்டிருப்பது இவளுடைய அம்மாவின் பச்சை ஸ்வெட்டர். இரண்டாம் முறை போகும்போது, உள்ளே மேஜையில் விரித்திருக்கும் துணியின் ஓரத்தை இவள் விரல் தடவிப் பார்க்கிறது, அங்கே ஒரு தீப்பட்ட ஓட்டை இருக்கவேண்டும். இருக்கிறது. எதையும் கேட்காமல் திரும்பிவிடுகிறாள். நெதர்லாந்திலிருந்து கொண்டுபோகப்பட்ட சுமார் 1,07,000 யூதர்களில் திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். அதாவது, கதவைத் தட்டக்கூட ஆள் இல்லாத வீடுகளே அதிகம்.

*

சரி, வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் பேசவில்லை. ஹரால்ட் வெல்ட்சர் என்ற சமூக உளவியலாளரும் அவர் சகாக்களும் 40 ஜெர்மானியக் குடும்பங்களை மூன்று தலைமுறையாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். ‘தாத்தா நாஜி அல்ல’ என்ற அவர்களுடைய நூல் 2002-ல் வந்தது. தாத்தா தானே ஒப்புக்கொண்ட கசப்பான விஷயம்கூட, பேரன் வாயில் வரும்போது அவரை நல்லவராகக் காட்டும் கதையாக மாறிவிட்டது என்பதுதான் அவர்கள் கண்டது. அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பள்ளியில் படித்த கொடுமையையும், மடியில் உட்காரவைத்துக் கொஞ்சிய தாத்தாவையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டமும் இவர்களை வற்புறுத்தவில்லை. நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் பற்றி 1998-ல் 44 நாடுகள் ஏற்றுக்கொண்ட வாஷிங்டன் கோட்பாடுகள் அரசு அருங்காட்சியகங்களை நோக்கிப் பேசுபவை. தனியார் வீட்டுக்குள் அவை நுழையமுடியாது. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டினால் பொருளைத் திருப்பிக் கேட்கும் வழக்கும் காலாவதி ஆகிவிடும். ஆகவே வீட்டுக்குள் இருக்கும் பொருள் வெளியே வரவேண்டுமென்றால், அந்தக் குடும்பம் தானாகக் கதவைத் திறக்கவேண்டும்.

திறந்தவர்களில் ஓட்கர் குடும்பம் ஒன்று. கேக் மாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் பேர்போன நிறுவனம். அதன் தலைவராக இருந்த ருடால்ஃப் ஆகஸ்ட் ஓட்கர் இளமையில் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்தவர். 2007-ல் அவர் இறந்தார். நாஜிக் காலத்தில் நிறுவனம் என்ன செய்தது என்ற வரலாற்று ஆய்வைக் குடும்பம் 2013-ல் வெளியிட்டது. அடுத்து அவர் சேர்த்துவைத்த கலைப்பொருட்களின் பூர்வீகத்தைத் தோண்ட ஓர் ஆய்வாளரை நியமித்தார்கள். போருக்குப் பிறகு கடையில் காசு கொடுத்து வாங்கியவைதான் பலவும், ரசீதும் உண்டு. ஆனாலும் ஹான்ஸ் தோமா வரைந்த ஓர் ஓவியம், ஹெட்விக் உல்மன் என்ற யூதப் பெண்மணி தப்பியோடும்போது இழந்தது என்று தெரிந்ததும் வாரிசுகளிடம் கொடுத்தார்கள். வான் டைக் வரைந்த ஒரு படத்தையும் கொடுத்தார்கள். அதுவும் கௌட்ஸ்டிக்கரிடமிருந்து பறித்த படம்தான். சட்டம் கேட்காதபோதும் கொடுத்தார்கள் என்பதால் இது பாராட்டுக்குரியது. தந்தை உயிரோடு இருந்தவரை இது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கொர்னேலியஸ் குர்லிட்டின் கதை இதைவிடச் சிக்கலானது. ஹிட்லருக்குப் படம் வாங்கிக்கொடுத்த வணிகரின் மகன். 2012-ல் மியூனிக்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டில் 1,200-க்கும் அதிகமான கலைப்படைப்புகள் கிடைத்தன. அவற்றோடுதான் அவர் தனியாக வாழ்ந்துவந்தார். எதையும் தரமாட்டேன் என்று முதலில் சொன்னவர், 2014 ஏப்ரலில் ஆய்வுக்குச் சம்மதித்தார். மே 6-ம் தேதி இறந்துபோனார். அந்தக் குவியலில் மாக்ஸ் லீபர்மனின் ‘கடற்கரையில் இரு குதிரை வீரர்கள்’ இருந்தது. பிரெஸ்லாவ் நகரில், 1938 நவம்பரில், தனக்குத் தாத்தா முறையான உறவினர் வீட்டுச் சுவரில் அதைக் கடைசியாகப் பார்த்தவர் டேவிட் டோரன். அப்போது 13 வயது. நியூயார்க்கில் வழக்கறிஞராக வாழ்ந்த அவரிடம் 2015-ல் படம் திரும்பி வந்தது. அதற்குள் அவருக்கு இரு கண்களிலும் பார்வை போயிருந்தது.

பெரிய பெயர்கள் இவை. ஹாம்பர்க்கில் ஏலத்தில் வாங்கிய அந்த ஒரு லட்சம் பேரின் பேரப்பிள்ளைகளுக்கு ஆய்வாளரை அமர்த்த வசதியில்லை. கடிகாரத்திலும் தேக்கரண்டியிலும் வரிசை எண் இல்லை. சில சமயம் மேஜை விரிப்பின் மூலையில், நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதுபோல, இரண்டு எழுத்து நூலால் தைத்திருக்கும். தன் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தாத எழுத்துகளாக அவை இருந்தால், அதைக் கண்டுகொள்ளாமல் மடித்து வைப்பதுதான் குற்றத்தின் அடுத்த பாதி. முதல் பாதிக்குப் பேரனோ பேத்தியோ பொறுப்பில்லை. இந்தப் பாதிக்கு உண்டு.

மியூனிக்கின் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் மத்தியாஸ் வெனிகர் என்ற பொறுப்பாளர், 1939-ல் அடகுக்கடை வழியாக வந்து தங்கிவிட்ட 111 வெள்ளிப் பொருட்களின் சொந்தக்காரர்களைத் தேடிப்பிடித்து, முடிந்த இடங்களுக்கெல்லாம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவருகிறார். ஒரு கிண்ணம், ஒரு விளக்குத்தண்டு. சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள் பலவற்றுக்கு, கொல்லப்பட்ட பாட்டியின் கை பட்ட பொருள் என்று வேறொன்று கிடையாது.

பெர்லின் வட்டார வருமானவரி அலுவலகம் யூதர் சொத்துகளுக்காகத் திறந்த சுமார் 41,000 கோப்புகள் இன்று போட்ஸ்டாம் நகரில், பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த 16 பக்கப் படிவங்களும் அவற்றில்தான் உள்ளன. அவற்றை டிஜிட்டல் வடிவில் மாற்றும் பணி 2020-ல் தொடங்கியது. என்ன பொருள், யாருடையது, எவ்வளவு மதிப்பு என்பதோடு, பல கோப்புகளில் அதை வாங்கியவரின் பெயரும் இருக்கிறது.