தரவிறக்கம் களவாகுமா?

ஆரையம்பதியில் ஒரு கைபேசிக் கடை. மெமரி கார்டை நீட்டிய ஒருவர், "தம்பி, நாகூர் ஹனிபாட பாட்டெல்லாத்தையும் இதுல போட்டுத் தாங்க" என்றார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கடைக்காரருக்குக் கூலியும் கிடைத்தது. கூட வந்த மகன் கேட்டான்:

"வாப்பா, இது களவில்லையா?"

"நாம என்னத்த எடுத்த மகன்? பாட்டு அங்கயேதானே இரிக்கி."

அந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவின்படி, ஒருவருடைய கைவசத்திலுள்ள அசையும் பொருளை அவரது சம்மதமின்றி, நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்தோடு நகர்த்துவதே களவு. பிரதி எடுத்தால் மூலம் நகர்வதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985இல் டவுலிங் வழக்கில், அனுமதியின்றிப் பதிந்த இசைத்தட்டுகளைக் களவுப் பொருளாகக் கொள்ள மறுத்தது. ஃபிக்ஹிலும் 'சரிகா' என்பதற்குக் கடும் நிபந்தனைகள் உண்டு: பொருள் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும், மறைவாக எடுக்கப்பட வேண்டும், குறித்த பெறுமதியை எட்ட வேண்டும்.

ஆகவே இது அந்த அர்த்தத்தில் களவல்ல. சரி, களவில்லை என்பதால் ஆகுமானதாகி விடுமா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறோம். (இசை கேட்கலாமா என்ற பழைய விவாதம் வேறு; அதை இங்கு தொடவில்லை.)

ஷாஃபிஈ மத்ஹபில் பொருள் மட்டுமல்ல, அதன் பயன்பாடும் 'மால்' எனப்படும் சொத்தே. வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாமல், வாடகை கொடுக்காமல் குடியிருப்பவனும் உரிமையைப் பறித்தவன்தான். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஆவால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் படைத்தவருக்கு ஆயுட்காலமும், அவர் மௌத்தானபின் 70 வருடமும் உரிமை தருகிறது. அது வாரிசுகளைச் சேரும்.

உரியவரே இலவசமாகக் கேட்க விட்டிருந்தால் பிரச்சினையில்லை. அனுமதியில்லாமல் எடுத்தால் அது ஹக்குல் இபாத், அதாவது அடியானின் உரிமை. தவ்பா மட்டும் அதற்குப் போதாது. உரியவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். பாடியவர், எழுதியவர் எவருக்கும் சதம் கொடுக்காமல் கூலி வாங்கிய கடைக்காரரின் பொறுப்பு இன்னும் கூடியது.

இது பாட்டோடு முடிகிற கதையுமல்ல. நம்மூர்க் கவிஞர் கடன்பட்டுக் கவிதை நூல் அச்சடிக்கிறார். வெளியீட்டு விழா முடிந்த கிழமையே அது பிடிஎஃப் ஆகி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "உங்கட புத்தகம் வாசிச்சன், நல்லம்" என்கிறோம். அவர் சிரிக்கிறார், விற்காத பிரதிகள் வீட்டு மூலையில் கிடக்கின்றன.

வாப்பா சொன்னது உண்மை. பாட்டு அங்கேயேதான் இருக்கிறது. பாடியவருக்குச் சேரவேண்டியதுதான் போய்ச் சேரவில்லை.