துவரை வாடல் நோயும் ரகங்களைப் பரீட்சிக்கும் முறையும்

மூக்கண்டப்பள்ளி முதலிய ஹோசூர்ப் பக்கத்துக் கிராமங்களில், ஆலைகளும் மனைகளும் போக எஞ்சியுள்ள புன்செய்களில் துவரை விதைக்கும் குடியானவர்கள் வாடல் நோயை நன்கு அறிந்துகொள்வது அவசியம். செடி பூத்துக் காய் பிடிக்கும் தருணத்தில், மண்ணில் ஈரமிருக்கும்போதே, துவண்டு காய்ந்துவிடும். அடித்தண்டிலிருந்து ஊதா கலந்த கரும்பட்டை ஒன்று மேல்நோக்கி ஏறியிருக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே கரிய கீற்றுகள் தென்படும். நீர்க்குறைவால் வாடிய செடியில் இவை இரா.

இந்நோயை 1906-ம் வருஷத்திலேயே பட்லர் என்னும் பயிர்நோய் நிபுணர் இந்தியாவில் குறித்திருக்கிறார். இதனை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பூசணம் வேர் வழியே புகுந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. அறுவடைக்குப்பின் நிலத்தில் நிற்கும் கட்டைகளில் சுமார் 3 வருஷம் உயிர்வாழும். இலைமேல் மருந்து தெளிப்பதால் பயனில்லை. ஆகவே நோயை எதிர்த்து நிற்கும் ரகமே முதன்மையான காப்பாகும்.

நோயற்ற நிலத்தில் ஒரு ரகம் செழித்தமையால் அது நோயை எதிர்க்கும் என்று கொள்ளலாகாது. நோய் அதனைத் தீண்டாமலே போயிருக்கலாம். ஐதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில் 1972-ல் ஏற்பட்ட இக்ரிசாட் நிலையத்தார், வாடிய செடிகளைத் துண்டித்து மண்ணில் கலந்து, ‘நோய் நிலம்’ ஒன்றை வேண்டுமென்றே அமைத்தனர். பரீட்சைக்குரிய ரகங்களுக்கு இடையிடையே, எளிதில் வாடும் ரகம் ஒன்றையும் விதைப்பர். அது பெரும்பாலும் மடிந்தால்தான் பரீட்சை செல்லும். அங்கே நூற்றுக்கு 10 செடிகளுக்கு மேற்படாமல் வாடிய ரகமே எதிர்ப்புடையதெனப்படும். பூசணத்தில் இடத்துக்கிடம் பேதமிருப்பதால், பல வருஷம் பல இடங்களில் சோதிப்பர்.

இவ்வழியில் தேர்ந்த ‘மாருதி’ ரகம் 1986-ல் கர்நாடகத்தில் வெளியாயிற்று. அது வாடலை எதிர்ப்பினும், நுண்ணிய சிலந்திப்பேன் பரப்பும் மலட்டுத் தேமலுக்கு இரையாவது. 1993-ல் வெளியான ‘ஆஷா’ இரண்டையும் எதிர்க்க வல்லது. எல்லைக்கு அப்பாலிருந்து விதை வாங்குவோர், “நோயை எதிர்க்குமா?” என்று கேட்டால் போதாது, எந்த நோயை என்று கேட்டறிதல் வேண்டும்.

குடியானவர்கள் தம் நிலத்தில் நோயைப் புதிதாக உண்டாக்கலாகாது. முன்னமே வாடல் கண்ட பாகத்தில், புதிய ரகம் 2 சாலும் உள்ளூர் ரகம் 1 சாலுமாக மாற்றி மாற்றி விதைக்கவும். முளைத்த செடிகளை எண்ணிக் குறித்து, பூக்கும்போதும் காய் முதிரும்போதும் வாடியவற்றைத் தனியே எண்ணவும். உள்ளூர் ரகம் வாடாதிருப்பின் அவ்வருஷம் முடிவு கட்டலாகாது. வாடிய செடிகளை வேரோடு பிடுங்கிக் கொளுத்துக. அந்நிலத்து மண்ணை வேறு நிலத்துக்குக் கொண்டுபோகலாகாது. சோளத்தோடு கலந்து விதைத்தால் வாடல் குறையும்.

கிராம அதிகாரிகள் இவ்வெண்ணிக்கையைச் சர்வே நம்பர், ரகத்தின் பெயர் ஆகியவற்றுடன் குறித்து, வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அனுப்புவார்களாயின், அடுத்த பருவத்தில் எவ்விதையை எந்நிலத்துக்குக் கொடுக்கலாம் என்பது தெளிவாகும்.