கொலை வழக்கில் சிசிடிவி பதிவும் உள்நோக்கமும்: நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது?

2015 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை காலை. துணை அரசாங்க வழக்கறிஞர் அந்தோணி கெவின் மோராய்ஸ் கோலாலம்பூர் மெனாரா டூத்தா அடுக்ககத்திலிருந்து புத்ராஜெயாவில் உள்ள அலுவலகத்துக்குத் தம் காரில் கிளம்பினார். அலுவலகம் போய்ச் சேரவில்லை. அவருடைய புரோட்டோன் பெர்டானா கார் பேராக், ஊத்தான் மெலிந்தாங்கில் எரிந்த நிலையில் கிடைத்தது. செப்டம்பர் 16ஆம் நாள், சுபாங் ஜெயா யுஎஸ்ஜே 1 பகுதியில், சிமெண்ட் ஊற்றி நிரப்பிய தோம்புக்குள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது 55.

வேலையின் காரணமாகவே ஒருவர் கொல்லப்பட்டார் என்று அரசுத் தரப்பு சொன்ன இந்த வழக்கை நம் மக்கள் இன்னும் மறக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட அறுவரும் இந்தியர்கள் என்பதால் கிள்ளான் கடைவீதியிலும் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் அப்போது பேச்சு சூடாகவே இருந்தது. இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன: "அதான் சிசிடிவியிலயே இருக்கே", "அவருக்குத்தானே பகை இருந்துச்சு". இந்த இரண்டு மட்டும் போதும் என்றால் வழக்கு ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். தீர்ப்பு வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின.

முதலில் பகை. ராணுவ மருத்துவமனையில் நோய்க்கூறு நிபுணராக இருந்த டாக்டர் ஆர்.குணசீகரன் மீது ஓர் ஊழல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கை அரசாங்கத்தின் சார்பில் நடத்தியவர் மோராய்ஸ். பழிவாங்கும் எண்ணமே கொலைக்குக் காரணம் என்றது காவல்துறை. ஆனால் வெளியே வேறொரு கதையும் உலவியது. 1எம்டிபி விவகாரத்தில் மோராய்ஸுக்குப் பங்கு இருந்தது, அதனால்தான் கொல்லப்பட்டார் என்று பலர் நம்பினர். அவருடைய சகோதரர்களில் ஒருவர் 2015 நவம்பரில் சத்தியப் பிரமாணம் செய்து, சந்தேகத்தை வெளிப்படையாகவே எழுப்பினார். மோராய்ஸுக்கும் அந்த விசாரணைக்கும் தொடர்பில்லை என்று சட்டத்துறைத் தலைவர் மறுத்தார்.

ஒரே சாவுக்கு இரண்டு காரணங்கள் பேசப்பட்டன. எந்தக் காரணம் பெரியது, எது பரபரப்பானது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. கூண்டில் நிற்கும் ஆளோடு அந்தக் காரணத்தை இணைக்கச் சாட்சியம் உண்டா என்பதுதான் அங்கே கேள்வி.

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, உள்நோக்கத்தைக் காட்டும் செய்திகளைச் சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. அவ்வளவுதான். கொலைக் குற்றத்தை நிரூபிக்க உள்நோக்கம் கட்டாயம் என்று குற்றவியல் சட்டத்தொகுப்பு எங்கும் சொல்லவில்லை. கட்டாயமாக வேண்டியது கொல்லும் எண்ணம், அல்லது சாவு நேரும் அளவுக்குக் காயம் விளைவிக்கும் எண்ணம். இரண்டும் ஒன்றல்ல. "ஏன் செய்தான்" என்பது உள்நோக்கம். "தெரிந்தே, வேண்டுமென்றே செய்தானா" என்பது எண்ணம். சம்பளத் தகராறில் முதலாளியைத் திட்டிய தொழிலாளிக்குக் கோபம் இருந்திருக்கும். அதே முதலாளி மீது கோபம் கொண்டவர்கள் அந்தப் பட்டறையில் இன்னும் நான்கு பேர் இருக்கலாம். கோபத்தை வைத்து மட்டும் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப முடியாது. அதே வேளையில், கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியங்களை மட்டும் நம்பி நிற்கும் வழக்கில் உள்நோக்கமும் இல்லையென்றால், அது எதிர்த்தரப்புக்குத்தான் பலம் சேர்க்கும்.

அடுத்தது காணொளி. மோராய்ஸின் கார் என்று நம்பப்பட்ட வாகனத்தை ஒரு பிக்-அப் வண்டி இடிப்பதை சிசிடிவி பதிவு காட்டியது. காணாமற்போன சம்பவம் கடத்தல் என்று விசாரணை திரும்ப அது பெரிதும் உதவியது. ஆனால் அந்தக் காட்சிக்குள் குணசீகரனைத் தேடிப் பயனில்லை. அவர் மீது சாட்டப்பட்டது கொலைக்கு உடந்தையாக இருந்தது என்ற குற்றம். ஏவியவரைச் சாலையோரக் கேமரா எப்படிக் காட்டும்? மற்ற ஐவரின் நிலை இதற்கு நேர்மாறானது. இன்னொருவருக்கு இருந்த பகை தானாகவே அவர்களுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடாது. அவர்களைச் சம்பவத்தோடு பிணைக்க வேறு சாட்சியங்கள் வேண்டும். ஆக, ஒருவர் விஷயத்தில் உள்நோக்கத்துக்கு எடை அதிகம், மற்றவர்கள் விஷயத்தில் செயலைக் காட்டும் சாட்சியத்துக்கு எடை அதிகம். ஒரே வழக்கென்றாலும் ஆளுக்கு ஆள் தராசு வேறு. 2020 ஜூலை 10ஆம் நாள் உயர்நீதிமன்ற நீதிபதி அஸ்மான் அப்துல்லா அறுவருக்கும் மரண தண்டனை விதித்தார். அவர்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றனர்.

காணொளி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எங்கே நின்றுவிடும் என்பதற்கு சிப்பாங் விமான நிலையச் சம்பவத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2017 பிப்ரவரி 13ஆம் நாள் கேஎல்ஐஏ2 முனையத்தில் வடகொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் விஎக்ஸ் என்ற நச்சு பூசப்பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் இறந்தார். சித்தி ஆயிஷா என்ற இந்தோனேசியப் பெண்ணும் டோவான் தி ஹுவோங் என்ற வியட்நாமியப் பெண்ணும் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். முனையம் முழுக்கக் கேமராக்கள். பெண்கள் இருவரும் கழிப்பறை நோக்கி விரைவதும் பதிவாகியிருந்தது. கையில் நச்சு இருப்பது தெரிந்ததால்தான் கழுவ ஓடினார்கள் என்றது அரசுத் தரப்பு. தொலைக்காட்சிக் குறும்பு நிகழ்ச்சிக்கு நடிக்கும் வேலை என்று நம்பினோம், அதற்குப் பணம் கொடுத்தார்கள் என்றனர் அந்தப் பெண்கள். கேமராவில் தெரிந்த அதே ஓட்டத்துக்கு இரண்டு அர்த்தங்கள். தவிர, பதிவில் மங்கலாகத் தெரிந்த உருவம் சித்தி ஆயிஷாதான் என்று எப்படிச் சொல்வது என்றும் அவருடைய வழக்கறிஞர் கேட்டார்.

கிம்மைக் கொல்ல அவர்களுக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை. அப்படியிருந்தும் 2018 ஆகஸ்ட் 16ஆம் நாள் நீதிபதி அஸ்மி அரிஃபின் இருவரையும் தற்காப்பு வாதம் புரிய அழைத்தார். அரசியல் கொலையாக இருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது, ஆனால் அதற்கு உறுதியான சாட்சியம் இல்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பின்னர் 2019 மார்ச் 11ஆம் நாள் சித்தி ஆயிஷா மீதான குற்றச்சாட்டை அரசுத் தரப்பு மீட்டுக்கொண்டது. டோவான் மீதான கொலைக் குற்றச்சாட்டு, ஆபத்தான பொருளால் காயம் விளைவித்தல் என்று குறைக்கப்பட்டது. அதை அவர் ஒப்புக்கொண்டு, தண்டனைக் காலத்தை முடித்து, அதே ஆண்டு மே 3ஆம் நாள் விடுதலையானார். உலகமே பார்த்த காணொளி இருந்தும், கொலைக் குற்றத்துக்காக அவர்களில் எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பாக இன்னொரு வாசலையும் பதிவு தாண்ட வேண்டும். கணினியில் உருவான பதிவுகளுக்கு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு பொருந்தும். கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் வேண்டும். இல்லையேல், வழக்கமான பயன்பாட்டில் அந்தக் கருவி தந்த பதிவு இது என்று ஒருவர் நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சாட்சியம் சொல்ல வேண்டும். பங்சார் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்திலிருந்து 2003இல் கடத்திக் கொல்லப்பட்ட கேனி ஓங் வழக்கில், சிசிடிவி நாடா இந்தக் கேள்விக்கு உள்ளானது. இரண்டில் ஒன்றாவது தேவை என்று 2009இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இந்த இடம்தான் முக்கியம். பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய காட்சிகள் தாமாக அழிந்து புதியவை ஏறும். ஈமச்சடங்கு, காரியம் எல்லாம் முடிந்து குடும்பத்தார் விசாரிக்கப் போகும்போது அந்த நாள் பெட்டியில் இருக்காது. வேலையிடத்தில் ஒருவர் சந்தேகமான முறையில் இறந்தால், எதிரே எத்தனை கேமராக்கள் இருக்கின்றன, அவை யாருடையவை என்று அன்றே புலன் விசாரணை அதிகாரியிடம் சொல்லி, போலீஸ் புகாரிலும் எழுதச் சொல்ல வேண்டும். திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புவது அசல் பதிவுக்கு ஈடாகாது. பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடியதா என்பதுகூட விசாரணையில் கேட்கப்படும். கடை முதலாளியோ கேமரா பொருத்தியவரோ சாட்சி சொல்ல வரவேண்டியிருக்கும் என்பதால், அவர்களின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டுவிட்டது. கொலைக் குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையுடன் ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படி என்று நீதிபதி முடிவு செய்யலாம். உள்நோக்கம் இப்போது இன்னொரு முறையும் பேசப்படுகிறது. குற்றவாளி என்று தீர்ப்பானபின், எந்தத் தண்டனை என்று இரு தரப்பும் வாதாடும்போது, "ஏன் செய்தான்" என்ற கேள்வி மறுபடி நீதிபதியின் முன் வருகிறது.