சி.டி. ரைட்டரின் உண்மைப் பெயர்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாமாண்டு)

ஏலக்காயைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே பூப்பாறையிலும் சாந்தாம்பாறையிலும் விளைந்த காய் போடிக்கு வந்து ஏலத்தில் போகிறது. சலித்து, 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று பிரிக்கிறார்கள். பிறகு அதே காய் பத்துக் கம்பெனிகளின் பத்துப் பைகளில் புகுந்து பத்துப் பெயர்களோடு கடைக்குப் போகிறது. பையின் மேலிருக்கும் பெயரை வைத்துத் தோட்டத்தைச் சொல்லிவிட முடியுமா?

கணிப்பொறியில் சி.டி. எழுதும் ரைட்டருக்கும் இதே கதைதான். இன்று வரும் மடிக்கணினிகளில் ரைட்டரே இல்லை என்பதால், முதலாமாண்டு நண்பர்களில் சிலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்யாண வீடியோ முதல் கோயில் திருவிழா வரை எல்லாம் அந்தத் தட்டில்தான் ஏறின. நான் மாலை வேளைகளில் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் இரும்பு அலமாரி நிறைய அந்தத் தட்டுகள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு ஸ்டுடியோ அண்ணன் ஒரு வேலை கொடுத்தார். மலைமேல் எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் சிலர், தங்கள் பழைய கல்யாணத் தட்டு கீறிப்போய்விட்டது, வேறு பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பென்டிரைவ் அவர்களுக்கு ஆகாது. வீட்டில் இருப்பது பழைய வி.சி.டி. பிளேயர். மொத்தம் 43 தட்டுகள் எழுத வேண்டும். எழுதும் கருவியோ மூலையில் கிடந்த பழைய கணிப்பொறியில் இருந்த, 40 மடங்கு வேகம் கொண்ட ரைட்டர். அதை 48 ஆக்கிக் காட்டுகிறேன் என்று நான் தலையைக் கொடுத்தேன்.

மடங்கு என்றால் என்ன? சி.டி.யில் ஒரு வினாடிக்கு 75 பகுதிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 2048 பைட். ஆக ஒரு மடங்கு என்பது வினாடிக்கு 1,53,600 பைட். 40 மடங்கு 61,44,000. 48 மடங்கு 73,72,800. ஒரு மடங்கில் தட்டு உள்பக்கம் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றும், வெளிவிளிம்பில் சுமார் 200 சுற்றும் சுற்றும். லேசர் ஒளிக்கடியில் தடம் ஒரே வேகத்தில் நகர வேண்டும் என்பதே காரணம். விளிம்பில் 48 மடங்கு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று! பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அந்த விளிம்பில் மட்டுமே கிடைக்கும். உள்பக்கத்தில் அதில் பாதிகூட இராது. இதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். ரைட்டர் செய்யும் தொழிற்சாலைகள் சிலவே. அதைத் தம் பெயரில் விற்றவர்கள் பலர். தைவானின் லைட்-ஆன் செய்த கருவிகள் சோனி முதலிய பல பெயர்களில் விற்கப்பட்டன. ஹிட்டாச்சியும் எல்.ஜி.யும் சேர்ந்து ஒரு கம்பெனி, தோஷிபாவும் சாம்சங்கும் சேர்ந்து 2004-இல் ஒரு கம்பெனி, சோனியும் என்.இ.சி.யும் சேர்ந்து 2006-இல் ஒரு கம்பெனி என்று பிற்காலத்தில் தொழிற்சாலைகள் இன்னும் குறைந்தன. முகப்புப் பலகையை மட்டும் மாற்றிவிட்டால் வேறு சரக்கு ஆகிவிடும்.

உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கும் முதல் வழி, கருவியையே கேட்பது. கணிப்பொறி 'நீ யார்?' என்று ஒரு கட்டளை அனுப்பினால், ரைட்டர் 8 எழுத்தில் கம்பெனிப் பெயரும், 16 எழுத்தில் மாடலும், 4 எழுத்தில் உள்நிரலின் பதிப்பும் சொல்ல வேண்டும் என்பது விதி. டிவைஸ் மேனேஜரில் நாம் பார்ப்பது இந்தப் பதிலைத்தான். முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் 'ஹெச்.எல்-டி.டி-எஸ்.டி.' என்று வந்தால் அது ஹிட்டாச்சி-எல்.ஜி.; 'டி.எஸ்.எஸ்.டி.கார்ப்' என்று வந்தால் தோஷிபா-சாம்சங். சில கருவிகளோ இங்கும் விற்றவர் பெயரையே சொல்லும். அப்போது பெட்டியைக் கழற்றி இரும்பு மூடியின் மேலுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். முகப்பில், தட்டு சிக்கிக்கொண்டால் ஊசி விட்டுத் திறக்கும் சிறு துளை எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே, பொத்தான் எங்கே என்று பார்த்து, தெரிந்த மாடலோடு ஒப்பிட வேண்டும். பிளாஸ்டிக்கை மாற்றலாம், துளைக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தை இடம் மாற்ற முடியாதல்லவா?

எங்கள் ரைட்டர் இப்படித்தான் பிடிபட்டது. சட்டை ஒரு கம்பெனியுடையது. உள்ளே 2002-ஐச் சேர்ந்த லைட்-ஆன் எல்.டி.ஆர்-40125எஸ். அதே ஆண்டில் அதே கம்பெனி 48125டபிள்யூ என்றொரு 48 மடங்கு மாடலும் விற்றது. இரண்டுக்கும் இயந்திரம் ஒன்றே. வேறுபாடு பெரும்பாலும் உள்நிரலில்தான் என்று கண்டவர்கள், ஒன்றின் உள்நிரலை மற்றொன்றில் ஏற்றி வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள். கம்பெனி இதற்கு உத்தரவாதம் தராது என்பது வேறு விஷயம்.

ஃபர்ம்வேர் எனப்படும் இந்த உள்நிரல் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கிறது. மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும், லேசர் எத்தனை வலுவில் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று சொல்வது அதுதான். காலித் தட்டிலும் ஒரு ரகசியம் உண்டு. அதன் தடம் நேராக ஓடாமல் மிக நுண்ணியதாய் நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவில் தட்டைச் செய்தவரின் குறியீடு ஒளிந்திருக்கிறது. 97:17:06 என்றிருந்தால் அது நம் நாட்டின் மோசர் பேர், உறையில் வேறு யார் பெயர் இருந்தாலும் சரி. (2007 வாக்கில் தமிழ்ப் படத் தட்டுகளை மலிவாக விற்று, 2008-இல் 'பூ' படத்தைத் தயாரித்த அதே மோசர் பேர்தான். 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று.) ரைட்டர் முதலில் இந்தக் குறியீட்டைப் படித்து, தன் உள்நிரலில் உள்ள அட்டவணையில் தேடும். இருந்தால் அந்தச் சாயத்துக்கு ஏற்றபடி எரிக்கும். இல்லாவிட்டால் பயந்து பயந்து மெதுவாக எழுதும். ஆகவே புதிய உள்நிரல் ஏற்றினால் வேகம் கூடுவது மாயமல்ல. புதிய தட்டுகளின் ஜாதகம் அதற்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட நான் இரண்டு காரியங்களைச் செய்யவில்லை. பழைய உள்நிரலை முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. ஸ்டுடியோவின் யு.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது; அதுவும் எனக்குத் தெரியும். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி அடித்துக்கொண்டிருந்த மாலையில் வேலையைத் தொடங்கினேன். பாதி ஏறியிருக்கும்போது மின்சாரம் போயிற்று.

வந்தபோது ரைட்டரின் விளக்கு அணையாமல் எரிந்தது. கதவு திறக்கவில்லை. 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

"ஏப்பா, படுத்திருச்சா?" என்றார் அண்ணன்.

"பார்த்துர்றேன்ணே" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மாதச் சம்பளத்தில் அவர் பிடிக்க மாட்டார் என்று தெரியும். பிடிக்காவிட்டாலும் அந்தப் பழைய ஐ.டி.இ. கேபிளில் பொருந்தும் வேறொரு ரைட்டரை இன்று எந்தக் கடையில் போய் வாங்குவது?

இத்தகைய லைட்-ஆன் கருவிகளில் இருப்பது மீடியாடெக் சில்லு. உள்நிரல் பாழானாலும், அந்தச் சில்லோடு நேரடியாகப் பேசி மீண்டும் எழுத டாஸில் இயங்கும் ஒரு நிரல் உண்டு. விண்டோஸ் குறுக்கே நிற்கும் என்பதால் டாஸ்தான் வேண்டும். ஃப்ரீடாஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தில் யு.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி போட்டு, இரண்டு இரவுகள் முயன்றேன். வரிசையில் எந்த இடத்தில் ரைட்டர் இருக்கிறது என்பதைத் தவறாகக் கொடுத்ததால் முதல் இரு முறை தோல்வி. மூன்றாம் முறை எழுத்து ஓடிற்று. மறுபடி கணிப்பொறியைப் போட்டதும் கதவு தானே ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது. திரையில் 'லைட்-ஆன்' என்ற பெயரும் 48125டபிள்யூ என்ற எண்ணும். அண்ணன் எட்டிப் பார்த்து, "நம்ம டிரைவ் எங்கப்பா?" என்றார்.

கணக்குப் போட்டேன். சராசரி வேகம், பெட்டியில் உள்ள எண்ணில் முக்கால் பங்கு என்று கொண்டால், 80 நிமிடத் தட்டு 40 மடங்கில் 160 வினாடியும் 48 மடங்கில் 133 வினாடியும் ஆகும். லாபம் 27 வினாடி. 43 தட்டுக்கும் சேர்த்து 1161 வினாடி. 20 நிமிடம்கூட இல்லை. போனது இரண்டு இரவும் ஒரு பேட்டரி விலையும்.

இன்னொன்றும் நடந்தது. 48-இல் எழுதிய முதல் மூன்று தட்டுகள் ஸ்டுடியோவிலிருந்த பழைய வி.சி.டி. பிளேயரில் திக்கித் திக்கி நின்றன. வேகமாக எழுதும்போது குழிகளின் விளிம்பு கூர்மையாக விழுவதில்லை. கணிப்பொறி பொறுத்துக்கொள்ளும் பிழையைத் தேய்ந்த லென்ஸ் பொறுத்துக்கொள்வதில்லை. 16-இல் எழுதியவை தடையின்றி ஓடின. ஆகவே 43 தட்டுகளையும், ஒன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனாலும், 16 மடங்கிலேயே எழுதினோம்.

தட்டுகள் அம்மா காய் பறிக்கப் போகும் ஜீப்பில் மறுநாள் விடியற்காலை போடிமெட்டு ஏறின. இரண்டு மட்டும் திரும்பி வந்தன, உறையில் பெயர் மாறிப் போட்டிருந்ததால்.