பூகம்பத்தின் பின் வரும் மழை

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில், சுமாத்திராவை அடுத்த கடலடியில் நேர்ந்த பூகம்பம் எழுப்பிய ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையில் கல்லடி, நாவலடிப் பகுதிகளில் வாழ்ந்த ஜனங்களைச் சில நிமிஷங்களுக்குள் வாரிக்கொண்டு போனதைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு, பூகம்பம் என்றதுமே கடலின் நினைவு எழுவது இயல்பே. ஆனால், அதே பூமி மலைப்பிரதேசம் ஒன்றில் அதிருமாயின் விளையும் அநர்த்தம் வேறுவிதமானது. கடலலை ஒரு பகலுக்குள் ஓய்ந்துவிடும். மலையோ, அதிர்ச்சி நின்று பல வருஷங்கள் கழிந்த பின்பும், மழை பெய்யும்போதெல்லாம் உயிர்களைப் பலிகொள்ள வல்லது.

இதற்குக் காரணம் அறிவதற்கு அரிதன்று. பூகம்பத்தால் பாறைகள் பிளந்து, மரஞ்செடிகளோடு சரிவுகள் பெயர்ந்து, கல்லும் மண்ணும் மலையிடுக்குகளிலும் ஓடைகளின் தலைப்பிலும் பிடிப்பற்றுக் குவிந்து கிடக்கின்றன. பின்னர் கனமழை பெய்யும்போது, நீர் அக்குவியலின் உள்ளே புகுந்து, மண்ணின் துகள்களுக்கு இடையே அழுத்தத்தைப் பெருக்கி, அவற்றின் பற்றைத் தளர்த்திவிடுவதால், அதுவரை திடமாயிருந்த குவியல் முழுவதும், மேசன்மார் குழைத்த கலவையைப்போல் இளகிப் பிரவாகமாக இறங்குகிறது. நீரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கனமுள்ள அந்தச் சேற்றுப்பெருக்கு, வரும் வழியில் ஓடையின் அடியையும் கரையையும் அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வீடளவு பாறைகளையும் உருட்டிவருகிறது. சிலவேளை ஆற்றையே மறித்து, அந்த அணை உடையும்போது கீழுள்ள ஊர்களுக்கு இரண்டாவது அபாயத்தையும் உண்டாக்குகிறது.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2008 மே 12ஆம் திகதி 7.9 அளவில் நிகழ்ந்த பூகம்பம் ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான சரிவுகளை உண்டாக்கிற்று. அவ்வருஷம் செப்டெம்பர் மாத மழையிலேயே பெய்ச்சுவான் பகுதியில் சேற்றுப்பெருக்குகள் புறப்பட்டன. 2010 ஆகஸ்டில், பூகம்பத்தின் பின் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்டுவந்த ஊர்களையே அவை தாக்கின. 2019 ஆகஸ்டில், அதாவது பதினொரு வருஷங்களுக்குப் பின்பும், அந்தப் பூகம்பப் பிரதேசத்தில் மீண்டும் வந்தன. 1999 செப்டெம்பர் 21ஆம் திகதி அதிர்ந்த தாய்வானிலும், முன்பு தீங்கின்றித் தாங்கப்பட்ட மழையிலும் குறைந்த மழையே பின்னர் பெருக்கைக் கிளப்பப் போதுமானதாயிற்று. மரஞ்செடிகள் மீண்டும் வேரூன்றி, தளர்ந்த மண் கழுவப்பட்டுத் தீரும்வரை இந்நிலை நீடிக்கிறது.

நமது இலங்கை, பூமித்தட்டுகளின் விளிம்பிலிருந்து விலகியிருப்பதால், அத்தகைய பெரும்பூகம்பத்துக்கு அதிகம் ஆளாவதில்லை. 2020இல் திகன பகுதியில் உணரப்பட்டவைபோன்ற சிறு நடுக்கங்களே இங்கு நேர்வன. எனினும், மலையைத் தளர்த்துவதற்குப் பூகம்பமே வேண்டுமென்பதில்லை என்பதை மீரியபெத்தைத் தோட்டம் நிரூபித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்தில், மழையில் ஊறிய சரிவு இறங்கி, லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தும், அவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் காரியம் மட்டும் நடைபெறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலும், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருந்தொகையான உயிர்களைக் கவர்ந்தன.

வாவிக்கரையில் மலையில்லையே, இவை நமக்கெதற்கு என்று எண்ணுவது சரியன்று. மலையகத்தில் உற்றாரும் உறவினரும் உள்ளவர்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அநேகர். பதுளை வழியே பிரயாணம் செய்வோரும் அநேகர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்குமாயின், சரிவின் கீழ் உறங்குவதைத் தவிர்த்தல் வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், கொட்டும் மழையிலும் ஓடைநீர் சட்டெனக் குறைதல், மேலே இரைச்சல் கேட்டல் ஆகியவை அபாயத்தின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் பொருள்பண்டங்களைப் பாராது, ஓடையின் போக்கிலே கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுநிலத்தை நோக்கிச் செல்லவேண்டும்.

எச்சரிக்கை செய்வது விஞ்ஞானிகளின் கடமை. எச்சரிக்கப்பட்டவர்கள் சென்று வாழ்வதற்குப் பாதுகாப்பான நிலத்தைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. இரண்டாவது நிறைவேறாதவரை முதலாவதனால் பயன் சிறிதே.