புதிய புற்றுநோய் மருந்தின் ஆய்வில் சேரச் சொன்னால்

இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, புதிதாக ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்கிறார். கோலா கங்சாரிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப்போன மகனுக்கு அது கடைசி வழியாகவே தெரியும். அந்த நேரத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். தோட்டத்து டிரெஸ்ஸர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு, டாக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு. அந்தத் தயக்கத்தை இந்த ஒரு இடத்திலாவது விட்டுவிட வேண்டும்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் சாட்சி. அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்தில் 1999, 2000-ஆம் ஆண்டுகளில் வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு ஒரு சோதனை மருந்து ஊசியாகச் செலுத்தப்பட்டது. தங்களிடம் அது சோதனை என்று சொல்லவில்லை எனச் சிலர் பிறகு கூறினார்கள். அந்த மையத்திலேயே பணியாற்றிய டாக்டர் பட்டதிரி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். அந்த ஆய்வில் கூட்டாளியாக இருந்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை, மனிதருக்குக் கொடுக்குமுன் போதிய விலங்குச் சோதனையும் நடக்கவில்லை என்று 2001 நவம்பரில் அதுவே ஒப்புக்கொண்டது.

அதே 2001-இல்தான் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒழுங்காக நடந்த ஆய்வுகளில் விவரம் அறிந்து சேர்ந்த நோயாளிகளால் கிடைத்த மருந்து அது. ஆகவே ஆய்வு என்றதும் ஓடவேண்டியதில்லை. ஆனால், உங்கள் நோயைக் குணப்படுத்துவதைவிட மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வதே ஆய்வின் முதல் நோக்கம். முதல் கட்டத்தில் உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். பலன் கிடைக்காமலும் போகலாம், பக்கவிளைவு கடுமையாகவும் இருக்கலாம். பிந்திய கட்டங்களில் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்று முடிவாகும். டாக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

மலேசியாவில் பதிவாகாத புது மருந்தை ஆய்வுக்குக் கொண்டுவர என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளுக்கு அந்தக் குழுவின் பெயர் எம்.ஆர்.இ.சி. இந்த அனுமதி, ஒப்புதல் இரண்டும் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, பிள்ளைகளோடு பேசி, பிறகு வந்து சொல்கிறேன் என்று சொல்லலாம். பால் வெட்டியே காலம் கழித்து, படிக்க வாய்ப்பில்லாமல் போன பாட்டிக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து கையொப்பமிட வேண்டும். நர்ஸ் அவசரமாக நாலு வரி மொழிபெயர்ப்பது போதாது.

பணம் பற்றிக் கூச்சப்படாதீர்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை. புதுக் கண்டுபிடிப்பு, உத்தரவாதமான குணம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு கிடைக்குமா, மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு, காப்புறுதி உண்டா என்பதெல்லாம் தாளில் எழுதியிருக்க வேண்டும். வீட்டில் சாப்பிடும் நாட்டு மருந்தை மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் சோதனை மருந்தோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கலாம்.

வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. சொல்லாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள், சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

குறை இருந்தால் ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் தகவல் தாளில் உள்ள நெறிமுறைக் குழுவின் எண்ணை அழையுங்கள். சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளை நோயாளியிடம் சொல்லவேண்டியது டாக்டரின் கடமை என்று ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது உங்களிடமுள்ள கையொப்பமிட்ட ஒப்புதல் தாளின் பிரதியைத்தான்; அதை வாங்காமல் மருத்துவமனையிலிருந்து கிளம்பாதீர்கள்.